சூடேறினால் வெட்டும் அம்பாசிடர்: இன்ஜினை இறக்க வேண்டுமா?

கண்டனூரிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார்:

"எங்கள் வீட்டில் 1978-ம் வருட அம்பாசிடர் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, மாமனார் வாங்கியது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. காரைக்குடி வரை தொந்தரவே இல்லை. அதற்குமேல் குன்றக்குடி ரோட்டில் போகும்போதோ, புது பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் நிற்கும்போதோ திடீரென்று வெட்டி வெட்டி இழுக்கிறது. சைலன்சரில் டப் டப்பென்று வெடிக்கிறது. சில சமயம் நின்றே போகிறது. அரை மணி நேரம் ஓரமாகப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. மார்கழியில் விடியற்காலை கோயிலுக்குப் போனபோதும் இதேதான். பிளக் நாலும் மாற்றியாயிற்று. கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் பண்ணியாயிற்று. போன வருடம் காயில் புதிது, பேட்டரியும் புதிது. இப்போது இன்ஜினை இறக்கி போரிங் பண்ணச் சொல்கிறார்கள். வேறு சிலர், எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம், பேசாமல் விற்றுவிடுங்கள் என்கிறார்கள். வைகாசியில் பேரனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஐயா வண்டிதான் வேண்டும் என்கிறான். என்ன செய்யட்டும்?"

ஆச்சி, முதலில் அந்த போரிங் பேச்சை, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற பேச்சை, நிறுத்தச் சொல்லுங்கள்.

சிலிண்டர் தேய்ந்த இன்ஜின் காலையிலும் தேய்ந்த இன்ஜின்தான். அது ஆயில் குடிக்கும், நீலப் புகை விடும், காலையில் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும், நாள் முழுக்க இழுவை குறைந்தே ஓடும். உங்கள் வண்டி ஒரே செல்ஃபில் எழுந்து காரைக்குடி வரை நன்றாக ஓடி, சூடேறிய பிறகு வெட்டி, ஆறினதும் சரியாகிவிடுகிறது. ஓரமாக நிற்கிற அரை மணி நேரத்தில் தேய்ந்த சிலிண்டர் வளர்ந்துவிடாது. இவ்வளவு செலவழித்தும் தீராததற்குக் காரணம் எனக்குத் தெரிகிறது. வண்டி பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது. மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறார், நன்றாக ஓடுகிறது. சும்மா அனுப்ப முடியாதே என்று பிளக்கை மாற்றுகிறார், அடுத்தவர் கார்புரேட்டரைக் கழற்றுகிறார். ஆறிய வண்டியில் இந்தக் கோளாறு இருக்கவே இருக்காது. வெட்டுகிற அந்த நிமிடத்தில், வெட்டுகிற இடத்திலேயே பார்த்தால்தான் பிடிபடும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உங்கள் டிரைவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அதற்குமுன், உங்கள் கடிதத்திலேயே மூன்று தடயங்கள் இருக்கின்றன.

ஒன்று, "திடீரென்று" என்று எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் தட்டுப்பட்டால் வண்டி திடீரென்று வெட்டாது. முதலில் மேட்டில் இழுவை குறையும், ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறாமல் திணறும், சமயத்தில் கார்புரேட்டர் வழியாகத் தும்மும், அப்புறம்தான் நிற்கும். கரண்ட் போவதுதான் சுவிட்சை அணைத்துப் போட்டதுபோல இருக்கும். இரண்டு, சைலன்சரில் வெடிக்கிறது. நெருப்பு விழாத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சருக்குப் போய்விடும். அடுத்த நெருப்பு விழும்போது அங்கே பற்றி டப்பென்கிறது. அப்படியென்றால் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த தடயம்: மார்கழி விடியற்காலையிலும் வெட்டியது. சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மட்டும் இந்தத் தொல்லை என்றிருந்தால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்கிற வேப்பர் லாக் என்று முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். அம்பாசிடரில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால் அதற்கு வாய்ப்பு உண்டு. மார்கழிக் குளிரில், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் அது நடப்பது அபூர்வம்.

ஆகவே என் சந்தேகம் கரண்ட் பக்கம்தான். சந்தேகத்தை நம்பிச் சாமான் வாங்கிவிடாதீர்கள். சோதித்துவிட்டு வாங்கலாம்.

டிக்கியில் இவற்றைப் போட்டு வையுங்கள்: மாற்றிப்போட்ட பழைய பிளக்குகளில் ஒன்று, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயர், ஒரு டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர், பழைய துண்டு. பிறகு வேண்டுமென்றே குன்றக்குடி ரோட்டில் விடச் சொல்லுங்கள். வெட்டி நின்றதும் ஓரங்கட்டி, ஆறவிடாமல், உடனே பானட்டைத் திறக்க வேண்டும். டீக்கடைக்குப் போய்விட்டு வந்தால் தடயம் அழிந்துவிடும்.

முதல் வேலை நெருப்பைப் பார்ப்பது. ஏதாவது ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, அதில் பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜினின் வெறும் இரும்பில் படும்படி பிளேயரால் பிடிக்க வேண்டும். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலைக்குக் கிட்டேயே வரக்கூடாது. இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாக, சடக் சடக்கென்று சத்தத்தோடு விழுந்தால் கரண்ட் நலம். மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு விழுந்தாலோ, விழவே இல்லை என்றாலோ ஆள் அகப்பட்டுவிட்டார். நெருப்பு நீலமாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, சாவியை அணைத்த நிலையில், டார்ச் அடித்து கார்புரேட்டர் தொண்டைக்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் கம்பியை இழுக்கச் சொல்லுங்கள். சோலெக்ஸ் கார்புரேட்டரென்றால் உள்ளே பெட்ரோல் பீய்ச்சும். பீய்ச்சவில்லையென்றால் உள்ளே பெட்ரோல் இல்லை.

வண்டி நிற்காமல் வெட்டிக்கொண்டே ஓடினால் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். தேறினால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று உறிஞ்சுகிறது. மோசமானாலோ மாற்றமே இல்லாவிட்டாலோ கரண்ட் பக்கம் போங்கள். பெட்ரோல் டேங்க் மூடியையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டி சரியானால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. நம் செம்மண் புழுதியில் இது நடக்கிறதுதான். ஒரு ஊசியோடு வைத்தியம் முடிந்தது.

ஈரத்துண்டு எதற்கென்றால், காயிலுக்கு. பேட்டரி கரண்ட்டைப் பிளக்கில் நெருப்பு விழும் அளவுக்கு உயர்த்துகிற உருளைதான் காயில். துண்டை நனைத்துப் பிழிந்து காயில் உடம்பில் மட்டும் சுற்றுங்கள். மேலே ஒயர் போகிற தலைப்பக்கம் நனையக்கூடாது. இரண்டு மூன்று நிமிடத்தில் நெருப்பு திரும்பினால் காயில்தான். திரும்பவில்லையென்றால், அதற்குப் பிறகு துண்டை இன்ஜின் பக்கவாட்டில் இருக்கிற பெட்ரோல் பம்ப்பில் போடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நனைத்தால் எதனால் தேறியது என்று தெரியாமலே போய்விடும். டிரைவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள், சொன்னாலும் கேட்பதில்லை.

"காயில் புதிது" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இடிக்கிற இடம் அதுதான். புதிது சரி, பொருத்தமானதா? அம்பாசிடர் போன்ற, பேட்டரியின் 12 வோல்ட்டும் நேராகக் காயிலுக்குப் போகிற வண்டிக்கு காயிலின் முதல்நிலைச் சுற்று, அதாவது பேட்டரி கரண்ட் போகிற சுற்று, சுமார் 3 ஓம் இருக்க வேண்டும். நடுவில் ரெசிஸ்டர் வைத்த வண்டிகளுக்கென்று 1.5 ஓம் காயிலும் கடையில் கிடைக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கிளாம்பும் பொருந்தும், காலையில் ஸ்டார்ட்டும் ஆகும். ஆனால் 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 8 ஆம்பியர் போகும். சூடு இரண்டு மடங்கு. அரை மணி ஓடியதும் உள்ளே இருக்கிற இன்சுலேஷன் தாங்காமல் நெருப்பு உள்ளேயே கசிந்துவிடும், காயிலுக்குப் போகிற கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கிற பாயிண்ட்டும் கருகும். சாதாரண மல்டிமீட்டர் இருந்தால், காயிலின் இரண்டு சின்ன ஒயரையும் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். வண்டி ஆறியிருக்கும்போது அளக்கணும். செம்புச் சுற்றின் ஓம் சூட்டில் தானாகவே கூடும், 50 டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு அதிகம் காட்டும். அதனால் சூட்டில் 3.6 காட்டியது என்று நல்ல காயிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று கேட்டுப் பாருங்கள். கோயில் வாசலில் காத்திருக்கும்போது டிரைவர் சாவியைப் போட்டு வைத்துப் பாட்டுக் கேட்கிறாரா? இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருந்து, பாயிண்ட் மூடிய நிலையில் நின்றுவிட்டால், காயிலுக்குக் கரண்ட் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல காயிலும் அதில் வெந்துபோகும்.

காயில் சரியாக இருந்தால் அடுத்த ஆள் கண்டன்சர். நெருப்பை நாலு பிளக்குக்கும் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு இருக்கிற சின்ன உருளை. விலையும் சின்னது. அதனாலேயே யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. சூட்டில் உள்ளே தொடர்பு விடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வண்டியின் லட்சணம் அப்படியே இதற்கும் பொருந்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, வண்டி சூடாக இருக்கும்போதே செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். பாயிண்ட் திறக்கும் இடத்தில் பெரிய நெருப்புப் பொறி தெறித்தால் கண்டன்சர் போயிற்று. பாயிண்ட் முகம் கருத்துக் குழி விழுந்திருப்பதும் அதே சாட்சி. இப்போது கடையில் வருகிற கண்டன்சர்களின் தரம் ஒரே சீராக இல்லை. பெட்டியைப் பிரித்ததும் சீக்காக இருப்பதும் உண்டு. ஆகவே வேறொரு ஓடுகிற வண்டியிலிருந்து நல்லதென்று தெரிந்த ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்ப்பது உத்தமம். பழையதன் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் போடணும். பழையது உள்ளே கசிகிறதாக இருந்தால் பக்கத்தில் எத்தனை நல்லதைச் சேர்த்தாலும் பயனில்லை.

மூன்றாவது ஆள் கண்ணுக்கே தெரியாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் போகிற மெல்லிய ஒயர் ஒன்று உண்டு. இன்ஜின் உறிஞ்சலுக்கு ஏற்ப நெருப்பு விழும் நேரத்தை மாற்றுகிற வேக்கம் அட்வான்ஸ், பாயிண்ட் இருக்கிற தட்டைத் திருப்பும்போதெல்லாம் அதுவும் வளைந்து நிமிரும். இத்தனை வருடம் வளைந்ததில் மேலே துணி உறை அப்படியே இருக்க, உள்ளே செம்பு இழை அற்றுப்போயிருக்கும். எங்கள் பட்டறைக்குத் தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு பத்மினி கார் இப்படித்தான். கார்புரேட்டர், பம்ப், காயில் எல்லாம் வேறு இடத்தில் புதிதாகப் போட்டு, பில்லை ஒரு கத்தையாகக் கொண்டுவந்தார்கள். வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சித் தட்டைத் திருப்பினால் நெருப்பு போகிறது, விட்டால் வருகிறது. ஒரு சாண் ஒயர், வேலை முடிந்தது. உங்கள் வண்டியிலும் அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். தட்டை பாடியோடு இணைக்கிற எர்த் ஒயரையும் சேர்த்துப் பார்க்கணும்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பட்டறை பாஷையில் 14 முதல் 16 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு தௌ). பாயிண்ட்டைத் திறந்து மூடுகிற கேம் மீது ஒரு துளி கிரீஸ் இல்லாவிட்டால் பாயிண்ட்டின் குதிகால் தேய்ந்து இடைவெளி மூடிக்கொண்டே வரும். உள்ளே சுழல்கிற ரோட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் வெளிச்சத்தில் பிடித்து, பென்சில் கோடுபோல விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். இவ்வளவுதான் அங்கே.

இனி, நெருப்பும் நீலமாக இருந்து பெட்ரோலும் வந்தால்? அப்போது வெட்டுவது எப்படி என்று காதால் கேட்க வேண்டும். கண்டபடி வெட்டாமல், சூடான ஐட்லிங்கில் ஒரே சிலிண்டர் மட்டும் தாளம் தவறாமல் விடுபட்டு, சைலன்சர் வாயில் புஸ் புஸ்ஸென்று வந்தால், வால்வைப் பாருங்கள். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். உங்கள் வண்டி ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வண்டி. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு உட்கார்கிற இடம் தேயாமல் காத்தது. ஹெட்டில் அந்த இடத்துக்குக் கடினமான வளையம் (சீட்) வைக்காமல் விட்டிருந்தால், வால்வு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கி வால்வுக்கும் அதைத் தள்ளுகிற கைக்கும் நடுவே இருக்கிற டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஆறியிருக்கும்போது மூடுகிற வால்வு, சூட்டில் நீண்டு மூடாமல் நிற்கும். டேப்பெட் சத்தமே இல்லாமல் வண்டி அமைதியாக ஓடுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள், அதுவே இதன் அறிகுறியாக இருக்கலாம். இந்த 1489 சிசி இன்ஜினுக்கு டேப்பெட் இடைவெளி சூட்டில் 15 தௌ, அதாவது 0.38 மி.மீ. வைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்படியும் தீரவில்லையென்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் சோதனை, அதுவும் வண்டி சூடாக இருக்கும்போது. ஒரு சிலிண்டர் மட்டும் தெளிவாகக் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கட்டும். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர், குறிப்பாக இரண்டும் மூன்றும், சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. இந்தச் சோதனையின் அளவைக் காகிதத்தில் எழுதிக் காட்டாமல் யாராவது போரிங் என்றால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எத்தனால் விஷயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2023-ல் தொடங்கி இப்போது பங்க்குகளில் பெரும்பாலும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் வருகிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற துளையான ஜெட்டின் பழைய அளவுக்குக் கலவை மெலிந்துவிடும். பழைய ரப்பர் குழாயும் பம்ப்புக்குள் இருக்கிற சவ்வான டயாஃப்ரமும் ஊறிப்போய்ப் பிசுபிசுக்கும், அந்தத் துகள் ஜெட்டை அடைக்கும். கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றியபோது உள்ளே கறுப்புத் துகள் இருந்ததா என்று அந்த மெக்கானிக்கைக் கேளுங்கள். இருந்திருந்தால் எத்தனால் தாங்குகிற குழாயும் டயாஃப்ரமும் மாற்றியே ஆகணும். எப்படியும் மாற்றுவது நல்லது, பழைய குழாய் கசிந்து சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் வண்டியே போய்விடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கார் செட்டில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் பழைய பெட்ரோலை வைத்திருக்காதீர்கள். ஆனால் எத்தனாலுக்கு நேரம் காலம் தெரியாது. காரைக்குடி வரை நன்றாக ஓடவிட்டு, குன்றக்குடி ரோட்டில் திடீரென்று வெட்டவைக்கிற வேலை அதனுடையதல்ல. விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போடச் சொன்னால் அதுவும் வேண்டாம். இந்த இன்ஜினின் கம்ப்ரஷனுக்கு அந்த ஆக்டேன் தேவையே இல்லை.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு படிந்து குழாய் அடைத்து, இன்ஜின் தேவைக்குமேல் சூடாகும். வளவு வாசலில் அண்டா வைத்துப் பிடிக்கிற மழைத்தண்ணீர் எவ்வளவோ மேல். கூலன்ட் கலந்த காய்ச்சி வடித்த தண்ணீர் அதைவிட மேல்.

விற்பதைப் பற்றி நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், ஆனால் இந்தக் கோளாறுக்காக விற்காதீர்கள். காயில், கண்டன்சர், பாயிண்ட், ரோட்டர் நாலும் சேர்த்தாலும் இன்ஜின் இறக்கும் செலவுக்குப் பக்கத்தில் வராது. ஆர்.சி. புத்தகத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 15 வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு 5 வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். அது விட்டுப்போயிருந்தால் கல்யாணத்துக்குமுன் முடித்துவிடுங்கள்.

மாப்பிள்ளை அழைப்பு லேசான வேலை இல்லை, ஆச்சி. நாதஸ்வரத்துக்குப் பின்னால் நடை வேகத்தில், முதல் கியரில், முன்னாலிருந்து காற்றே படாமல் ஊர்வது இன்ஜினுக்கு ரொம்பக் கஷ்டமான ஓட்டம். திருச்சி வரை ஒரே மூச்சில் போய்வருவது அதைவிடச் சுலபம். அதனால் பழுது பார்த்த பிறகு குன்றக்குடி போய்வந்ததை மட்டும் நம்பாதீர்கள். நல்ல வெயில் நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, பின்வாசல் தெருவில் திறந்த வெளியில் நிறுத்தி, பானட்டை மூடியபடியே அரை மணி நேரம் ஐட்லிங்கில் விடச் சொல்லுங்கள். பூட்டிய செட்டுக்குள் வேண்டாம், புகை ஆளைக் கொன்றுவிடும். பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி செல்ஃப். அதிலும் வெட்டாமல் கிளம்பினால் பேரனிடம் வண்டி ரெடி என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு மாலை கட்டும்போது கிரில்லை மறைத்துப் பூத்தோரணம் தொங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூவெல்லாம் பானட்டுக்கு மேலே இருக்கட்டும்.